மறுமொழி

மனப்பாடம் செய்த மொழியில் யாரும் பேசிவிடலாம். எதிரே நிற்பவர் பதில் சொல்லத் தொடங்கும்போதுதான் சங்கடம். 1542 அக்டோபரில் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாரின் தமிழ் அப்படிப்பட்டது. அவர் வருவதற்கு ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பே பரதவர்கள் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். முத்துக்குளிப்பில் மூண்ட பகையும் போர்த்துக்கீசியரின் கடற்படைப் பாதுகாப்பும் அதற்குப் பின்னால் இருந்தன. தலையில் தண்ணீர் ஊற்றியவர்கள் போய்விட்டார்கள். அந்தத் தண்ணீருக்கு என்ன பொருள் என்று அந்த மக்களின் மொழியில் சொல்லித்தர ஆளில்லை. சவேரியார் இரு மொழியும் அறிந்த சிலரைக் கூட்டிவைத்து விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கட்டளைகளையும் பரலோக மந்திரத்தையும் தமிழாக்கச் செய்தார். அவற்றை நெட்டுருப் போட்டார். கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ச் சிறுவர்களைக் கூட்டினார். அவர் சொல்ல, அவர்கள் திருப்பிச் சொன்னார்கள்.

இந்த ஏற்பாட்டின் குறை அவருக்கே தெரிந்திருந்தது. 1544 ஆகஸ்டில் மன்சிலாஸ் என்ற தோழருக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லிவந்த துபாஷி நோயில் படுத்துவிட்டார். நான் பேசுவது இவர்களுக்குப் புரிவதில்லை, இவர்கள் பேசுவது எனக்கு அதைவிடப் புரிவதில்லை, என் பிரசங்கத்தின் லட்சணத்தை நீரே ஊகித்துக்கொள்ளும் என்கிற பொருளில் எழுதுகிறார். அடுத்து அவர் சொல்வதுதான் முக்கியம். பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கத் துபாஷி வேண்டாம். ஏழைகள் துபாஷி இல்லாமலே தங்கள் தேவையைத் தெரிவித்துவிடுகிறார்கள். பார்த்தாலே எனக்கு விளங்கிவிடுகிறது. தலையாய காரியங்களுக்குத் துபாஷி தேவையே இல்லை என்று முடிக்கிறார்.

சேவைக்கு மொழி எதற்கு என்று கேட்பவர்கள் சொல்லக்கூடிய வாதங்களில் இதைவிட வலுவானதை நான் படித்ததில்லை. அதை எழுதியவர் சும்மா எழுதவும் இல்லை. அதே ஆண்டு ஜூன் மாதம் வடுகப் படைகள் குமரிமுனைப் பக்கத்துக் கடலோர ஊர்களைச் சூறையாடியபோது மக்கள் கடலுக்குள் இருந்த பாறைகளுக்குத் தப்பியோடிப் பசியிலும் தாகத்திலும் கிடந்தார்கள். சவேரியார் தோணிகளில் உணவேற்றிக்கொண்டு அவர்களைத் தேடிப் போனார். தாகத்தைப் புரிந்துகொள்ள வேற்றுமை உருபு தெரிந்திருக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அடித்த பிறகு எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் ஒரு வார்த்தை தமிழ் தெரியாமல் பிணங்களைத் தூக்கினார்கள், சோறாக்கிப் போட்டார்கள். அந்த நாட்களில் மொழியைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

ஆனால் அதே ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் பழைய துணிகள் குவியல் குவியலாகக் கிடந்ததையும் நாம் பார்த்தோம். லாரி லாரியாக வந்த நிவாரணம் அது. மீனவக் குடும்பங்கள் தொடவில்லை. பிறர் உடுத்திக் கழித்த துணியை வாங்கி உடுத்துவது அவர்களுக்கு அவமானம் என்பதை அனுப்பியவர்கள் யாரும் கேட்டு வைத்திருக்கவில்லை. கண்ணுக்குத் தெரிவது இல்லாமை மட்டும்தான். இல்லாதவருக்கு எது வேண்டும், எது வேண்டாம், யார் கையிலிருந்து வாங்கினால் அவர் குறுகிப்போவார் என்பதெல்லாம் அவர் வாய்திறந்தால்தான் தெரியும். முதல் நாளுக்குச் சவேரியாரின் கடிதம் போதும். பத்தாவது நாளுக்குப் போதாது.

பத்தாவது நாளின் ஆள் என்று அண்டிரிக் பாதிரியாரைச் சொல்லலாம். போர்த்துகலின் விலா விசோசாவில் 1520இல் யூத வழிக் குடும்பத்தில் பிறந்த என்றிக்கே என்றிக்கஸ்தான் நம் கரையில் அண்டிரிக் ஆனார். 1546இல் இந்தியாவுக்கு வந்தார், அடுத்த ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்தார், 1600இல் இறக்கும்வரை அந்தப் பகுதியோடு பிணைந்தே கிடந்தார். தமிழின் பெயரையும் வினையையும் லத்தீன் இலக்கணத்தின் சட்டகத்தில் வைத்து அடுக்கிப் பார்த்து, போர்த்துக்கீசு மொழியில் ஓர் இலக்கணக் கையேடே எழுதிவிட்டார். தம்மோடு இருந்த சேசு சபையினர் ஒருவரோடொருவர் தமிழிலேயே பேச வேண்டும், மீறினால் தண்டனை என்று விதித்தார். 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சாகி வந்த 16 பக்கத் ‘தம்பிரான் வணக்கம்’ அவருடையது. அச்சுவரலாறு எழுதுபவர்கள் அந்தப் புத்தகத்தோடு நின்றுவிடுவார்கள். எனக்கு 1580இல் வந்த ‘கொம்பெசியனாயரு’தான் கூடுதலாகப் பேசுகிறது. அது பாவசங்கீர்த்தனத்துக்கான கையேடு.

பாவசங்கீர்த்தனம் என்பது பிரசங்கத்துக்கு நேர் எதிரான காரியம். பிரசங்கத்தில் குருவானவர் பேசுவார், சபை கேட்கும். பாவசங்கீர்த்தனத்தில் மண்டியிட்டவர் பேச, குருவானவர் கேட்க வேண்டும். அண்டிரிக் வருவதற்கு முன் அந்தக் கரையில் அது துபாஷியை வைத்துக்கொண்டு நடந்தது. துபாஷி யார்? உள்ளூர்க்காரர். நாளைக்குக் கடற்கரையில் எதிர்ப்படப் போகிறவர். சித்தப்பனாகவோ மைத்துனனாகவோ கடன்கொடுத்தவனாகவோகூட இருக்கலாம். அவர் காது வழியாகக் கடவுளிடம் பேசச் சொன்னால் எந்தப் பெண் பேசுவாள்? மனப்பாடத் தமிழ் உடைந்துபோகும் இடம் இதுதான். இங்கே குருவானவர் எப்படிப் பேசுகிறார் என்று யாரும் கவனிக்கப்போவதில்லை. அழுகையின் நடுவே, பாதி விழுங்கப்பட்டு, பேச்சு வழக்கில், உறவுமுறைப் பெயர்களின் சிக்கலோடு வரும் ஒரு வாக்கியம் அவருக்குப் புரிகிறதா இல்லையா என்பதே கேள்வி. அண்டிரிக் துபாஷியை வெளியே அனுப்பிவிட்டுத் தாமே கேட்க உட்கார்ந்தார்.

இந்தக் காதையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். பாவசங்கீர்த்தனம் கேட்பவர் நீதிபதியின் ஆசனத்தில் இருக்கிறார். எந்தெந்தப் பாவத்தைப் பற்றி எப்படித் துருவ வேண்டும் என்று கற்றுத்தரவே கையேடுகள் எழுந்தன. ஒரு சமூகத்தின் படுக்கையறைவரை போகும் காது அது. கேட்பதே அன்பு என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட முடியாது. அண்டிரிக் புன்னைக்காயலில் நோயாளிகளுக்கு ஒரு மருத்துவமனையும் நடத்தினார். அந்தக் கரை மக்கள் அவருடைய தமிழ் அச்சு வேலைக்குப் பணம் கொடுத்தார்கள். ஆகவே இரு பக்கமும் ஏதோ ஒன்று கைமாறியிருக்கிறது. ஆனாலும் அவர் கேட்டதெல்லாம் அவர்களுடைய பிழைகளை. தம்முடைய பிழையை அவர்கள் வாயால் கேட்கும் இடத்தில் அவர் உட்கார்ந்திருக்கவில்லை.

அந்த இடத்தில் உட்கார நேர்ந்தவர் சீகன்பால்கு. டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்பி, 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் இறங்கியபோது அவருக்கு வயது 24 நிறைய ஒரு நாள் இருந்தது. ஒரு முதிய வாத்தியாரை அமர்த்தி, அவருடைய திண்ணைப் பள்ளியைத் தம் இருப்பிடத்துக்கே வரவழைத்து, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் ‘அ’ எழுதினார். பல மொழிகள் தெரிந்த அழகப்பன் என்பவர் துபாஷியாகவும் ஆசிரியராகவும் இருந்தார். இரண்டே ஆண்டில், 1708க்குள், தாம் சேகரித்த நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் ஏடுகளுக்கு விளக்க அட்டவணை தயாரித்துவிட்டார். நீதி வெண்பா, கொன்றை வேந்தன், உலக நீதி மூன்றையும் ஜெர்மனுக்குக் கொண்டுபோனார். அந்த மொழிபெயர்ப்பின் முன்னுரையில், இவர்களை நாகரிகமற்றவர்கள் என்று நம் நாட்டார் நினைப்பதற்குக் காரணம் இவர்கள் மொழி தெரியாததுதான், நானும் அப்படி நினைத்தவன்தான் என்று ஒப்புக்கொள்கிறார்.

மணலில் எழுதிய கதையை எல்லோரும் சொல்வார்கள். அதைவிடப் பெரிய காரியம் பிறகு நடந்தது. 1712 முதல் 1714 வரை தமிழர்களுக்குக் கேள்விகள் அனுப்பி, அவர்கள் ஓலையில் எழுதிய பதில்களை மொழிபெயர்த்து, மிஷனுக்கு ஆதரவளித்த ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பிவைத்தார்கள் தரங்கம்பாடிப் பாதிரிமார்கள். பதில்களில் பல அழகப்பனே எழுதியவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். உங்கள் வழிபாடு எப்படி, சடங்குகள் எப்படி, மருத்துவம் எப்படி என்று கேட்டவர்கள் இதையும் கேட்டார்கள்: எங்கள் மதத்தை ஏன் ஏற்க மறுக்கிறீர்கள்? பதில் ஒளிவுமறைவில்லாமல் வந்தது. குடிக்கிறீர்கள், மாட்டிறைச்சி தின்கிறீர்கள், உடலைச் சுத்தமாக வைத்துக்கொள்வதில்லை, சொல்வதொன்று செய்வதொன்றாக இருக்கிறீர்கள் என்று எழுதினார்கள். கற்றுக்கொள்ள வந்தவன் தன் பாடத்தில் தானே ஓர் உதாரணமாக இடம்பெறுவதைப் பார்க்கிறான். அதைக் கிழித்துப் போடாமல் மொழிபெயர்த்துத் தன் ஊருக்கு அனுப்பினான் என்பதுதான் சீகன்பால்குவின் பெருமை.

விலையும் கொடுத்தார். 1708 நவம்பரில் ஒரு விதவையின் வழக்கில் தலையிட்டதை ஒட்டி டேனிஷ் ஆளுநரோடு முற்றிய பகையில் நான்கு மாதம் சிறையில் இருந்தார். 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி, தமிழர் தம்மிடம் சொன்னதை அடிப்படையாக வைத்து ஒரு பெரிய நூல் எழுதி அனுப்பினார். அச்சிட மறுத்துவிட்டார்கள். அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பினோம், ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்ற தொனியில் ஹாலேயின் தலைவர் பிராங்கே கருதினார். அந்த நூல் 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. எழுதியவர் 1719இலேயே, 36 வயதில், தரங்கம்பாடியில் இறந்துபோயிருந்தார். அனுப்பியவர்களுக்கு வேண்டியது தங்கள் செய்தியைக் கொண்டுபோகும் நாக்கு. அதோடு சேர்ந்து ஒரு காதும் முளைத்துத் திரும்பி வந்து அவர்களிடமே பேசும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

காது முளைத்தவர்களெல்லாம் சீகன்பால்கு ஆகிவிடவில்லை. 1812இல் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கப்பட்டது. இளம் கம்பெனி அதிகாரிகள் அங்கே தமிழும் தெலுங்கும் படித்துத் தேர்வெழுதினார்கள். பாதிரிமார்கள் எழுதிய அகராதியும் இலக்கணமும் அவர்களுக்கும் உதவின. கலெக்டரின் தமிழ் பாதிரியாரின் தமிழைவிட மோசமாக இருந்திருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. விளைச்சல் பொய்த்துவிட்டது துரை என்று குடியானவன் சொன்னது அவருக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்த பிறகும் வரிப்புத்தகத்தில் எழுதியிருந்த தொகை அப்படியே இருந்தது. மொழியறிவுக்கும் சேவைக்கும் நடுவே நிற்கும் கேள்வி இங்கே தெளிவாகிறது. கேட்ட பதில் கேட்டவரின் திட்டத்தை ஓர் அங்குலமாவது நகர்த்தியதா?

யாழ்ப்பாணத்து மானிப்பாய்க்கு வந்தால் இந்தக் கேள்வி இன்னும் சிக்கலாகிறது. அமெரிக்கன் மிஷன் அனுப்பிய மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மாசச்சூசெட்சின் வூஸ்டர் நகரத்துக்காரர், 1847இல் வந்தவர். வந்த மறு ஆண்டே மாணவர்களுக்கு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார், முதலில் ஆங்கிலத்தில். 1857இல் ஊர் திரும்பி, 1862இல் மறுபடி வந்தபோது அவர் திட்டம் மாறியிருந்தது. மேல்நாட்டு மருத்துவம் முழுவதையும் தமிழில் கற்பிப்பது என்று முடிவெடுத்தார். பாடநூல் இல்லை, கலைச்சொல் இல்லை. தம் மாணவர்களோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செய்தார். ‘இரண வைத்தியம்’ 1867இல் வந்தது, ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’ இரண்டும் 1872இல், ‘கெமிஸ்தம்’ 1875இல், ‘மனுஷ சுகரணம்’ 1883இல். எல்லாம் சேர்த்து நாலாயிரம் பக்கங்களுக்கு மேல். 1873இல் உடல்நலம் கெட்டு அமெரிக்கா போன பிறகும் அங்கிருந்தபடி தமிழ்ப் பிரதிகளைத் திருத்தி அனுப்பிக்கொண்டிருந்தார். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் அவரிடம் தமிழிலேயே படித்து வைத்தியர் ஆனார்கள். 1884இல் இறந்தபோது, தமிழர்களுக்கான மருத்துவ ஊழியர் என்று கல்லறையில் பொறிக்கும்படி அவர் விரும்பியிருந்தார், அப்படியே பொறித்தார்கள்.

தமிழில் மருத்துவம் கற்பிப்பதில் மாணவனுக்குக் கிடைக்கும் வசதியைத்தான் வழக்கமாகப் பேசுவோம். நோயாளிக்குக் கிடைப்பதை யோசித்துப் பார்க்கிறேன். இன்றைக்கும் நம் ஊர் மருத்துவமனையில் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது, கட்டிலைச் சுற்றி நின்று அவரும் பயிற்சி மருத்துவர்களும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வார்கள். படுத்திருப்பவர் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். தன் ஈரலைப் பற்றித் தன் தலைக்குமேலே ஒரு வழக்கு நடக்கிறது. தீர்ப்பு என்னவென்று தெரியாது. போன பிறகு நர்ஸம்மாவிடம், “என்னம்மா சொல்லிட்டுப் போறாங்க?” என்று கேட்பார். மானிப்பாயில் வைத்தியரும் மாணவரும் தமிழில் பேசிக்கொண்டபோது, கட்டிலில் கிடந்தவர் குறுக்கே புகுந்து, “அது முந்தநாள் இல்லை ஐயா, போன கிழமையே தொடங்கினது” என்று சொல்லியிருக்க முடியும். நோயைப் பற்றிய உரையாடலில் நோயாளிக்கும் இடம் உண்டு என்று ஆக்குவதற்கு அதைவிட நேரான வழி இல்லை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். தமிழ் வேண்டும் என்று யார் கேட்டார்கள்? 1823இல் மிஷன் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி ஆங்கிலக் கல்விக்குப் பேர்போனது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்கள். 1855இல் அமெரிக்கத் தலைமை அதை மூடச்செய்தது. ஆங்கிலம் படித்த பிள்ளைகள் சபை ஊழியத்துக்கு வராமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விடுகிறார்கள், ஊழியத்துக்குத் தாய்மொழியே போதும் என்பது மிஷன் தலைமையின் வாதம். அதாவது தமிழ்மேல் காட்டிய மதிப்புக்கு உள்ளே, நீ உன் கிராமத்திலேயே இரு என்ற ஆணையும் மடிந்து கிடந்தது. யாழ்ப்பாணத்தார் அதைப் புரிந்துகொண்டார்கள். அவர்களுடைய முயற்சியில் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. 1870இல் கொழும்பில் ஆங்கிலத்தில் மருத்துவப் பள்ளி வந்தபிறகு அரசாங்க வேலையின் வாசல் அந்தப் பக்கம் திறந்தது. கிறீனின் தமிழ் மருத்துவம் அவருக்குப் பின் நெடுநாள் நிற்கவில்லை. ஒருவருடைய மொழியை மதிப்பது ஒன்று, அந்த மொழிக்குள்ளேயே அவரை நிறுத்திவைப்பது இன்னொன்று. இரண்டும் ஒரே பாடத்திட்டத்தில் அடுத்தடுத்துக் கிடக்கக்கூடும்.

யாழ்ப்பாணத்தில் இன்னொரு பதிலும் எழுந்தது. வெஸ்லியன் மிஷனின் பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கும் பணியில் துணைக்கு வைத்துக்கொண்டவர் ஆறுமுகம் என்ற இளைஞர். பாதிரியாருக்கு நல்ல தமிழ் கிடைத்தது. பாதிரிமார்கள் பள்ளி நடத்தும் விதமும் பிரசங்கம் செய்யும் விதமும் அச்சகத்தைப் பயன்படுத்தும் விதமும் அந்த இளைஞருக்குக் கிடைத்தன. அவர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார், கோயிலில் பிரசங்கம் செய்தார், அச்சகம் நிறுவினார், 1854இல் ‘சைவதூஷணபரிகாரம்’ எழுதி மிஷனரிகளின் வாதங்களுக்கு வரிக்கு வரி விடை சொன்னார். ஆறுமுக நாவலரை மிஷனின் தோல்வி என்று மிஷன் வரலாறும், மிஷனை வென்றவர் என்று சைவ வரலாறும் எழுதுகின்றன. மொழிக்கல்வி என்ற கோணத்திலிருந்து பார்த்தால் அவர்தான் அந்த உறவின் முழுமை. ஒருவரிடம் தமிழ் கற்கப்போனால் அவர் எப்போதும் மாணவரின் பக்கமே நிற்பார் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் கிடையாது. அந்த ஆபத்தை ஏற்றுக்கொள்ளாதவருக்குத் துபாஷியே போதும்.

இதே யாழ்ப்பாணத்துக்கு 1902இல் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஓர் இளைஞர் போனார். வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. அங்கே யாழ்ப்பாணத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே காசு சேர்த்துக் கடல்கடந்து தொண்டிப் பக்கம் ஊழியர் அனுப்பி வைத்திருப்பதைக் கண்டார். வெள்ளைக்காரர் அனுப்ப, நாம் பெறுபவர்களாகவே இருக்கிறோமே என்ற உறுத்தல் அவருக்குள் புகுந்தது. ஊர் திரும்பி, அடுத்த ஆண்டே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்குவதில் முன்னின்றார். நெல்லைச் சபைகளின் காணிக்கையைக் கொண்டு நிஜாம் சமஸ்தானத்தின் தெலுங்கு மண்ணுக்கு ஊழியர்கள் போனார்கள். 1909இல் அசரியா தம் வேலையை விட்டுவிட்டுத் தாமே மனைவி அன்பு மரியம்மாளோடு தோர்ணக்கலுக்குப் போய்விட்டார். முதலில் கூடாரத்தில் குடியிருந்தார்கள். முப்பத்தைந்து வயதில் தெலுங்கின் அரிச்சுவடி.

அடுத்த ஆண்டு ஜூனில் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகளில் ஆசியர்கள் இருபதுக்கும் குறைவு. அவர்களில் ஒருவராக அசரியா எழுந்து பேசினார். நீங்கள் ஏழைகளுக்கு உங்கள் உடைமைகளைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலையே சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், அதற்கு இந்தியத் திருச்சபை தலைமுறை தலைமுறையாக நன்றி சொல்லும், ஆனால் எங்களுக்கு அன்பும் வேண்டும், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்ற பொருளில் முடித்தார். அரங்கில் சிலர் புண்பட்டார்கள். மிஷனரிகள் இந்தியச் சக ஊழியரை ஒரு வேளை சாப்பாட்டுக்கு அழைப்பதில்லை, சமமாகக் கைகொடுப்பதில்லை என்பதையெல்லாம் அவர் அங்கே வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்.

அவர் குற்றம் சொன்ன மிஷனரிகளில் பலர் இந்திய மொழிகளைத் தேர்வெழுதிக் கற்றவர்கள். தமிழில் பிரசங்கம் செய்யத் தெரிந்தவர்கள், திருக்குறள் மேற்கோள் காட்டத் தெரிந்தவர்கள். அப்படியிருந்தும் அசரியா இதைச் சொல்லக் கப்பலேறிப் போய் ஆங்கிலத்தில் பேச வேண்டியிருந்தது. திருநெல்வேலியில் தமிழில் சொல்லப்பட்டபோது கேட்டிருந்தால் எடின்பரோவரை அந்த வாக்கியம் பயணம் செய்திருக்காது. மொழி தெரிந்தால் கேட்டுவிடுவோம் என்று இதுவரை நான் அடுக்கிவந்த நம்பிக்கையில் இங்கே ஓட்டை விழுகிறது. மொழி ஒரு கதவைத் திறக்கும். வாசலில் நின்று கட்டளையிட்டுவிட்டுத் திரும்புகிறவரை அது தடுத்து உட்காரவைக்காது.

தோர்ணக்கலில் அசரியா எந்தப் பக்கத்தில் இருந்தார் என்பது அவருக்கே சவாலான கேள்வியாக இருந்திருக்கும். இப்போது அவர் வெளியூர்க்காரர். 1912 டிசம்பரில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக உயர்ந்தபிறகு அதிகாரமும் சேர்ந்தது. அவருடைய மக்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சாதிகளைச் சேர்ந்த தீண்டப்படாதோர். மாட்டுவண்டியில் சேரிசேரியாகப் போய் அவர்களோடு தெலுங்கில் பேசினார். தெலுங்குக் கீர்த்தனைகளையும் காலட்சேபத்தையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். 1930களில் மதமாற்றம் பற்றிய விவாதம் மூண்டபோது காந்தியின் எதிர்த்தரப்பில் அவர் நிற்க வேண்டிவந்தது. மிஷன்கள் சேவையைத் தூண்டிலாக வைத்து மதம் மாற்றுகின்றன, மருத்துவம் பார்ப்பவர்கள் மருத்துவம் மட்டும் பார்க்கட்டும் என்பது காந்தியின் நிலை. நியாயமான சந்தேகம். சேவைக்குப் பின்னால் விலைச்சீட்டு தொங்கினால் அது வியாபாரம்தான். ஆனால் 1936இல் ஜான் மாட் என்ற அமெரிக்க மிஷன் தலைவரோடு பேசும்போது, பசுவுக்கு நற்செய்தி சொல்வீர்களா, ஹரிஜனங்களில் சிலர் புரிந்துகொள்ளும் திறனில் அதைவிட மோசமான நிலையில் இருக்கிறார்கள் என்று காந்தி சொல்லிவிட்டார். மதத்தை எடைபோட்டுப் பார்க்கும் ஆற்றல் அவர்களுக்கு இல்லை என்பது அதன் பொருள். அசரியாவோ, தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் அவர்களுக்கு உண்டு, அவர்கள் தங்கள் மனதறிந்துதான் வருகிறார்கள் என்று வாதிட்டார்.

இருவரில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. பேராயருக்கு எண்ணிக்கையில் அக்கறை இருந்தது. காந்திக்குச் சமூகம் பிளவுபடுமே என்ற அச்சம் இருந்தது. ஆனால் ஒரு வித்தியாசம் கண்ணில் படுகிறது. ஒருவர், அவர்களால் பதில் சொல்ல முடியாது என்று முடிவு செய்துவிட்டுப் பேசினார். இன்னொருவர் கால் நூற்றாண்டு அவர்களுடைய தெலுங்கைக் கேட்டுவிட்டுப் பேசினார். ஒரு மாதிகாப் பெண் தனக்கு எது நல்லது என்று யோசிக்கத் தெரிந்தவள் என்பதை நம்புவதற்கு இறையியல் வேண்டாம். அவளோடு அவள் மொழியில் ஒரு மாலைப்பொழுது பேசியிருந்தால் போதும்.

சேவைக்குப் போகிறவர்களை அனுப்பும் சபைகளும் மடங்களும் இன்று நம்மிடம் ஏராளம். திருநெல்வேலியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் போனவர்கள் ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் குஜராத்திலும் பழங்குடி மக்களிடையே இருக்கிறார்கள். தமிழ் பேசும் குருமார்கள் ஜெர்மன் பங்குகளில் ஜெர்மனில் திருப்பலி நிறைவேற்றுகிறார்கள். மதத்தோடு சம்பந்தமில்லாத தொண்டு நிறுவனங்களின் பிள்ளைகளும் இதே வழியில்தான் போகிறார்கள். அண்டிரிக் பட்ட பாட்டை, சீகன்பால்கு மணலில் கண்ட குழப்பத்தை நம் பிள்ளைகள் வேற்று மொழிகளில் இப்போது படுகிறார்கள். அவர்கள் எழுதும் ஊழியக் கடிதங்கள் சபை அறிவிப்புப் பலகைகளில் தொங்கும்; சிலவற்றைப் படித்திருக்கிறேன். மொழி கற்க ஆண்டவர் உதவினார், இப்போது சரளமாகப் பேசுகிறோம் என்று இருக்கும். எத்தனை கிராமம், எத்தனை கூட்டம், எத்தனை பேர் என்று இருக்கும். அந்த மக்கள் இவர்களிடம் என்ன சொன்னார்கள் என்பது மட்டும் அநேகமாக இருக்காது. நன்றி சொன்னார்கள் என்பது இருக்கும்.

நன்றியைப் புரிந்துகொள்ள மொழி வேண்டாம். அதைச் சவேரியாரே சொல்லிவிட்டார். மொழி வேண்டியிருப்பது குறைக்கு, மறுப்புக்கு, நையாண்டிக்கு, எங்களுக்கு இது வேண்டாம் என்பதற்கு, நீங்கள் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லையே என்பதற்கு. அனுப்புகிறவர்கள் ஊழியர் திரும்பி வரும்போது, நன்றாகப் பேச வந்துவிட்டதா என்று கேட்கிறார்கள். அந்த மொழியில் உங்கள் முகத்துக்கு நேரே சொல்லப்பட்டவற்றில் உங்களுக்குப் பிடிக்காதது எது, அதைக் கேட்டபிறகு எதை மாற்றினீர்கள் என்று கேட்டுப் பார்க்கலாம். சொல்ல ஒன்றும் இல்லை என்றால், அவர் எத்தனை ஆண்டு அங்கே இருந்திருந்தாலும், அந்த ஊரில் அவரை நம்பி இன்னும் யாரும் பேசத் தொடங்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.